ஐஇஎல்டிஎஸ் கட்டுரை: ஒரு பக்கமா, இரு பக்கமா?

ஐஇஎல்டிஎஸ் (IELTS) என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியான கட்டுரைக்கு 40 நிமிடம். குறைந்தது 250 சொற்கள். 'எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்?' என்று கேள்வி வந்தால், ஒரு பக்கம் நின்று எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். நகர மையத்தில் கார்களைத் தடை செய்யலாமா? 'செய்யலாம்' என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, புகைக்கு ஒரு பத்தி, நெரிசலுக்கு ஒரு பத்தி. நூல் பிடித்த மாதிரி போகும்.

இரு பக்கமும் எழுதினால் விஷயப் பஞ்சம் வராது. ஆனால் கடைசிவரை மதில்மேல் பூனையாக நின்றால் மதிப்பெண் அடிபடும். கார் தடையால் கடைக்காரர்களுக்கு வரும் கஷ்டத்தைச் சொன்ன கையோடு 'இருந்தாலும்' என்று நம் கட்சிக்குத் திரும்பிவிட வேண்டும். 'இரு கருத்துகளையும் அலசி, உங்கள் கருத்தையும் கூறுக' என்றே கேட்டுவிட்டால்? சரி, அப்போது வேறு வழியில்லை, இந்த முறைதான்.