ஐடிஐ படிப்பா, பட்டறைப் பழக்கமா?

பத்தாம் வகுப்பு முடித்து மெக்கானிக் ஆக விரும்பும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஐடிஐயின் 2 ஆண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேரலாம். அல்லது நேரே ஒரு பட்டறையில் தொழில் பழகலாம். பட்டறையில் முதல் சில மாதங்கள் கழுவுவதும் துடைப்பதுமாகப் போனாலும், என்ஜின் சத்தத்தைக் கேட்டே டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) கூடியிருப்பதை உணரும் காது அங்குதான் வாய்க்கும். ஆனால் 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகளில் எரிபொருள் தெளிப்பை மின்னணுக் கருவியே கட்டுப்படுத்துவதால், ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டைப் படித்து, மல்டிமீட்டரால் சென்சாரின் வோல்டேஜை அளந்து பார்க்காமல் உதிரிபாகத்தை மாற்றினால், வண்டிக்காரரின் பணம்தான் வீணாகும். அந்த மின்சுற்று அடிப்படையை ஐடிஐ முறையாகக் கற்றுத்தருகிறது. நிறுவன சர்வீஸ் மையங்களில் தொழிற்பழகுநராகச் சேர அதன் சான்றிதழும் உதவும். ஆகவே என் பரிந்துரை ஐடிஐதான். விடுமுறை நாட்களில் பட்டறைக்கும் போய்வர வேண்டும்.