மணியும் வெள்ளச்சியும்: இரண்டு பெரிய நாய்களோடு ஆறரை ஆண்டுகள்

மதுரை நாராயணபுரத்தில், சிறிய முற்றமும் மொட்டைமாடியும் கொண்ட எங்கள் வீட்டில் இரண்டு பெரிய நாய்கள் வளர்கின்றன. மூத்தவன் மணி. கறுப்பு லாப்ரடார், வயது எட்டு, எடை 34 கிலோ. இளையவள் வெள்ளச்சி. ராஜபாளையம் இனம், வயது ஆறரை, எடை 27 கிலோ, தோள் உயரம் 68 சென்டிமீட்டர். 2019 பிப்ரவரி முதல் இருவரும் ஒன்றாக வாழ்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்து, அதற்குத் துணையாக இன்னொன்றைக் கொண்டுவரலாமா என்று யோசிப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நானும் அந்த எண்ணத்தில்தான் வெள்ளச்சியை அழைத்து வந்தேன். மணிக்குத் துணை கிடைத்தது. ஆனால் துணை வந்துவிட்டால் நாம் செலவிடும் நேரம் குறையும் என்று நான் போட்ட கணக்கு முதல் மாதத்திலேயே பொய்த்துப் போனது. அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்ட பிறகே வீட்டில் அமைதி வந்தது.

வெள்ளச்சியை வாங்க ராஜபாளையத்துக்கே நேரில் சென்றோம். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில், நிறமி குறைவோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மையும் வருவது உண்டு என்பதை முன்பே படித்திருந்தேன். தலைமுறையாக நாய் வளர்க்கும் அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில், கோணிச்சாக்கின் மேல் ஆறு குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. நான் கேட்பதற்கு முன்பே அவர் ஓர் எவர்சில்வர் தம்ளரை எடுத்து, குட்டிகளுக்குப் பின்னால் சிமென்ட் தரையில் போட்டார். ஐந்து குட்டிகள் தலையைத் தூக்கின. ஆறாவது அசையவே இல்லை. "தம்பி, அதுக்குக் காது கேக்காது. நீங்க கேட்டாலும் அதை நான் விக்கிறதில்ல" என்றார். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது என்றாலும், குட்டி வாங்கப் போகிறவர்கள் இதையாவது தவறாமல் செய்துபார்க்க வேண்டும். குட்டிக்கு அறுபது நாள் ஆகாமல் கொடுக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதும், தாய் நாயை எங்கள் கண்ணில் காட்டியதும், அவர் மேல் நம்பிக்கை வரப் போதுமானவையாக இருந்தன.

இரண்டு நாய்களும் உருவத்தில் பெரியவை என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. லாப்ரடார் இனம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு குளிர்நீரில் உழைத்த நாய்களின் வழிவந்தது. ஆகவே மணிக்கு இரட்டை அடுக்கு முடி, தண்ணீர் மேல் தீராத ஆசை, யார் வந்தாலும் வாலாட்டும் குணம். ராஜபாளையம் நம் தென்பாண்டி வறண்ட நிலத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். வெள்ளச்சிக்கு மெல்லிய தோல், ஒட்ட வளர்ந்த முடி, கண்ணில் எது ஓடினாலும் துரத்தும் வேகம், வீட்டாரைத் தவிர வேறு எவரும் தொடுவதை விரும்பாத குணம். மணியிடம் பலித்த பயிற்சி எதுவும் வெள்ளச்சியிடம் அப்படியே பலிக்கவில்லை. ஒரு பிஸ்கட் துண்டுக்காக மணி நூறு முறை உட்காருவான். வெள்ளச்சி மூன்றாவது முறையே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளைக் கடிந்து பேசினால் இரண்டு நாள் அருகில் வரமாட்டாள். அவளுக்கு ஐந்து நிமிடப் பயிற்சி, ஒரு தட்டிக்கொடுப்பு, அதோடு நிறுத்தம் என்ற முறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாய் உள்ள வீட்டில் சண்டை என்று ஒன்று மூண்டால் பெரும்பாலும் அது தட்டின் அருகில்தான் மூளும். மணி தன் தட்டை ஒரு நிமிடத்தில் காலி செய்துவிட்டு, மெதுவாகச் சாப்பிடும் வெள்ளச்சியின் தட்டுக்கு நகர்வான். அவள் முதலில் விட்டுக்கொடுத்தாள், பிறகு உறுமினாள், ஒரு நாள் அவன் காதைக் கடித்தாள். மணிக்கு நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அன்று முதல் மணிக்குச் சமையலறைக் கதவருகிலும் வெள்ளச்சிக்கு முற்றத்திலும் தட்டு வைத்து, நடுக்கதவைச் சாத்திவிடுகிறோம். இருபது நிமிடம் கழித்து, மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு தட்டுகளையும் எடுத்துவிடுவோம். ஆறு ஆண்டுகளில் இரண்டாவது தையல் தேவைப்படவில்லை.

மணியின் பசியை நாங்கள் வெறும் பேராசை என்றே நினைத்திருந்தோம். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு, பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி இல்லாமல் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். இதை எங்கள் கால்நடை மருத்துவர் விளக்கிச் சொன்னபோது மணி 42 கிலோவில் இருந்தான். அவன் கெஞ்சும் கண்ணுக்கு இரங்குவதும் அவன் மூட்டுகளைக் கெடுப்பதும் ஒன்றுதான் என்று புரிந்தது. அம்மா தோசை வார்க்கும்போது ஓரத்தைப் பிய்த்துப் போடுவதை நிறுத்தியதே அவன் எடை குறைந்ததற்கு முதல் காரணம் என்பேன். இப்போது இருவருக்கும் காலையில் தலா 200 கிராம் உலர் தீவனம், இரவில் எலும்பு நீக்கிய கோழிக்கறி கால் கிலோ, கூடவே குழைந்த சோறும் வேகவைத்த பரங்கிக்காயோ கேரட்டோ கொடுக்கிறோம். மணிக்குச் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிவிடுவோம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால், நாய்க்கான கறி வெங்காயம் தாளித்த குழம்பிலிருந்து எடுத்ததாக ஒருபோதும் இருக்காது, தனியாகவே வேகும்.

ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஒரே வேளையில் வயிறு முட்ட உணவு கொடுப்பது அந்த ஆபத்தைக் கூட்டும். அதனால்தான் இரண்டு வேளையாகப் பிரித்துத் தருகிறோம். வயிறு விறைத்து, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவித்தால் அதே நிமிடம் மருத்துவரிடம் ஓட வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நடைப்பயிற்சியில்தான் நான் பெரிய பாடம் படித்தேன். முதல் ஒன்றரை ஆண்டு, நேரத்தை மிச்சப்படுத்த இருவரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே நடந்தேன். 2020 செப்டம்பரில் ஒரு காலையில் பூனை ஒன்று சாலையைக் கடந்தது. வெள்ளச்சி பாய்ந்தாள். என்னவென்றே தெரியாமல் மணியும் அவள் பின்னால் இழுத்தான். இருவரும் சேர்ந்தால் என் எடைக்குச் சமம். நான் குப்புற விழுந்தேன், வலது தோள் மூட்டு பிசகியது. அதைவிட நடுங்க வைத்தது, வெள்ளச்சியின் தலை கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்ததுதான். இந்த இனத்துக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கமாக இருப்பதால் சாதாரணப் பட்டை நிற்காது. அவள் பின்னோக்கி இழுத்தால் மட்டும் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைக்கு மாறினோம். ஐந்து ஆண்டாக அது ஒரு முறைகூட உருவிக்கொள்ளவில்லை. நாய்ப் பொருள்களில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த ஒன்றைத்தான். மணிக்கு மார்பில் மாட்டும் ஹார்னஸ் போதும்.

தோள் ஆறியபின் இருவரையும் தனித்தனியாக நடத்தத் தொடங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வெள்ளச்சியோடு வேகநடை, ஐந்தே முக்காலுக்கு மணியோடு மெதுநடை. இரட்டிப்பு நேரம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டே வாரத்தில் இருவரின் போக்கும் மாறியது. மணி இல்லாத தெருவில் வெள்ளச்சி என் முகத்தைத் திரும்பிப் பார்த்து நடந்தாள். அதுவரை அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாய்களைச் சேர்த்தே வளர்த்தால் அவை ஒன்றையொன்று நம்பி வாழக் கற்றுக்கொள்ளும். நம் குரலுக்கு இடம் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் நம்மோடு தனியே கொஞ்ச நேரம் வேண்டும். இரண்டாவது நாய் நமக்குப் பதிலாள் ஆகாது.

மதுரையின் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நாய்க்கு உடம்பில் வியர்வை ஓடாது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குமேல் இருவரும் தெருவுக்குப் போவதில்லை. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அவர்களின் பாதத்துக்கும் அது ஆகாது. நனைத்த கோணிச்சாக்கும், நைலான் நாடா பின்னிய தாழ்வான கட்டிலும், மேலே ஒரு மின்விசிறியும் மணியை ஆறு கோடைகளில் காப்பாற்றியிருக்கின்றன.

நோய்களில் எங்களை உலுக்கியது உண்ணிக் காய்ச்சல். 2021 நவம்பர் மழை ஓய்ந்த சமயம் வெள்ளச்சி சாப்பிட மறுத்தாள். அவள் எப்போதும் குறைவாகச் சாப்பிடுபவள் என்பதால் இரண்டு நாள் பொறுத்தோம். அந்த இரண்டு நாளை நினைத்து இன்றும் வருந்துகிறேன். மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு வெளிறிப்போய், அதில் குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. காய்ச்சல் 104.6 டிகிரி. நாய்க்கு 102.5 வரைதான் இயல்பு. இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்தத் தட்டணுக்கள் 38 ஆயிரமாக இறங்கியிருந்தன. உண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்ற கிருமிதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். ஐந்தாம் நாளே அவள் எழுந்து நடந்துவிட்டாலும், மருத்துவர் சொன்னபடி ஒரு நாளும் விடாமல் கொடுத்து முடித்தோம். நம் ஊர் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் அல்ல, சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் கழிக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். முற்றத்து விரிசல்களை எல்லாம் சிமென்ட் பூசி அடைத்தோம். உண்ணித் தடுப்பு மாத்திரை, குறித்த தேதி தவறாமல், இருவருக்கும் ஒரே நாளில் போகிறது. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்குத் தள்ளிப்போட்டால் பயன் இல்லை. தினமும் இரவில் கை கழுவியபின் காது மடல், விரலிடை, அக்குள் ஆகிய மூன்று இடங்களையும் தடவிப் பார்ப்பது தங்கையின் வேலை.

நான்கடிச் சுற்றுச்சுவரை ஆறடியாக உயர்த்தினோம். கேட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியைத் தகடு வைத்து மூடினோம். பிரம்பு சோபா போனது, வழுக்கும் டைல்ஸ் மேல் தேங்காய் நார் விரிப்பு வந்தது. வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டால் காட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம். செல்லப்பிராணி வளர்ப்பைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அது சரியான வழிகாட்டுதல். ஆனால் எதிர்வீட்டு அக்காவின் ஐந்து வயது மகன் வெள்ளச்சியைக் கண்டு அழுதபோது அந்தக் காகிதத்தைக் காட்டி என்ன பயன்? அவன் பள்ளிவேன் வரும் நேரத்தில் அவளை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுகிறோம். தெருவில் கழிந்ததை அள்ள எப்போதும் பையோடு போகிறேன்.

மாதச் செலவு சராசரியாக 11,000 ரூபாய். தீவனமும் கறியும் மட்டும் ஏழாயிரத்தைத் தாண்டும். 2020 ஆகஸ்டில் பிரதமர் மனதின் குரல் நிகழ்ச்சியில் ராஜபாளையம் உள்ளிட்ட இந்திய நாயினங்களை வளர்க்கச் சொன்ன பிறகு, என்னிடம் இந்த இனத்தைப் பற்றி விசாரித்தவர்கள் பலர். பணத்தைவிட முதலில் நான் கேட்பது, ஆண்டில் 365 நாளும் விடியலில் எழ முடியுமா, குடும்பம் முழுவதும் ஊருக்குப் போகாமல் ஒருவர் வீட்டில் தங்க முடியுமா என்பதைத்தான். என் சித்தி மகள் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் முறைவைத்தே போனோம். அடுக்குமாடி வீட்டில் ராஜபாளையம் வேண்டாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லாப்ரடாருக்கு இடம் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம்.

இருவருக்கும் இடையில் இருக்கும் அன்பைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. தீபாவளி இரவில் மணி குளியலறை மூலையில் நடுங்கிக் கிடப்பான். வெடிச்சத்தத்துக்கு அசையாத வெள்ளச்சி, யாரும் அழைக்காமலேயே போய் அவன் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொள்வாள். விடியும்வரை தண்ணீர் குடிக்கக்கூட எழமாட்டாள்.

இந்த ஆண்டு மணியின் இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டது. முன்வாசலில் இருக்கும் மூன்று படிகளின் முன் வந்து, முன்னங்காலைத் தூக்கி, வைக்காமல் நின்றுவிடுகிறான். சென்ற மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு சாய்தளம் கட்டி, அதன்மேல் நார் விரிப்பு ஒட்டினோம். மூன்று நாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு நான்காம் நாள்தான் ஏறினான். அவன் நடை இப்போது தெருமுனைத் தேநீர்க்கடை வரை போய்த் திரும்பும் பதினைந்து நிமிடம் மட்டுமே. வெள்ளச்சியின் நடை ஐந்து மணிக்குத்தான், அதில் மாற்றமில்லை. அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மணியின் ஹார்னஸை எடுக்கும்போது, அவன் அதற்குள் சாய்தளத்தின் அடியில் வந்து நின்றிருக்கிறான்.