தவக்காலத் தியானம்: களி அருமை, கட்டில் மோசம், பலகையைக் காணோம்

இந்தத் தியான இல்லத்தின் பெயரைப் போடப் போவதில்லை. குறையும் எழுத வேண்டியிருக்கிறது, அதனால்தான். கிருஷ்ணகிரியில் டவுன் பஸ் ஏறி, இறங்கி, மாந்தோப்புக்கு நடுவே மண் ரோட்டில் கொஞ்சம் நடந்தால் வருகிற இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வெள்ளி சாயங்காலம் ஆரம்பித்து ஞாயிறு பூசையோடு முடிகிற தியானம். தங்கவும் சாப்பிடவும் சேர்த்து வாங்குகிற தொகை நியாயமானது. கேட்காமலே ரசீது போட்டுக் கொடுத்தார்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், கோவில் சம்பந்தப்பட்ட இடங்களில் ரசீது என்றாலே முகம் மாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். ரவிக்கை, பள்ளிச் சீருடை போக பீடத்துணி, பூசையில் உதவுகிற பீடச்சிறுவர்களின் அங்கி, சாமியார்களின் (குருக்களின்) வெள்ளை அங்கி என்று கோவில் வேலையும் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். வெளியே நின்று கல்லெறிகிற ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் வசதிகள். இரும்புக் கட்டில், நடுவில் குழி விழுந்த மெத்தை. பெண்கள் பகுதியில் குளியலறை சுத்தம், தண்ணீர் தாராளம். கொசு அதைவிடத் தாராளம். செல்போனைத் துணிப்பையில் போட்டு, பெயர் ஒட்டி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவசரத்துக்கு அலுவலக போனில் பேசலாம். சாப்பாட்டில் இரண்டு விஷயம். வெள்ளி ராத்திரிக் கஞ்சியும் பயத்தந்துவையலும் ஒருசந்தி (நோன்பு) நாளுக்கு ஏற்றபடி இருந்தன. சனி மதியம் போட்ட ராகிக் களியும் மொச்சைக் குழம்பும்தான் உண்மையான விசேஷம். கட்டி தட்டாமல், கையில் ஒட்டாமல், நம்ம பக்கத்துப் பாட்டிகள் கிண்டுகிற பதம். சமையல்கார அம்மாவிடம் போய்ச் சொன்னதற்கு, "இன்னொரு உருண்டை வாங்கிக்கோம்மா" என்றார். ஞாயிறு காலை சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது தவக்காலத்துக்கு நல்லது.

சிலுவைப்பாதை தோப்புக்குள். பதினான்கு நிலைகளுக்கும் சின்னச் சின்னச் சிமெண்ட் மேடை. பிஞ்சு காய்த்த மரங்களுக்கு நடுவே டார்ச் வெளிச்சத்தில் நடப்பது வயதானவர்களுக்குச் சிரமம், ஆனால் நன்றாக இருந்தது. பிரசங்கங்கள் நீளம். ஆராதனை நேரத்தில் கீபோர்டை நிறுத்தச் சொல்லி யாராவது ஒருவர் துணிந்து சொல்ல வேண்டும்.

நான் போனதே வேறு ஒன்றுக்காக. நோட்டீஸில் சனி இரவு "மனம் திறந்து கேளுங்கள்" என்று போட்டிருந்தார்கள். கேள்வியைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், பழைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். நான் எழுதிப் போட்டது இது: "பீடச்சிறுவன் அங்கிக்கு அளவு கொடுக்க வந்த பையனின் அம்மா, 'அக்கா, அங்கி மாத்துற ரூம்ல யார் இருப்பாங்க?' என்று என்னைக் கேட்டாள். முன்பெல்லாம் எந்த அம்மாவும் இப்படிக் கேட்டதில்லை. பிள்ளைகளிடம் தப்பு செய்த குருவை அடுத்த ஊர்ப் பங்குக்கு மாற்றிவிட்ட ஆயர்கள் இருக்கிற திருச்சபையை நம்பு என்று அவளுக்கு நான் எப்படிச் சொல்வேன்?"

தியானம் கொடுக்க வெளி மறைமாவட்டத்திலிருந்து வந்திருந்த சாமியார் சீட்டை எடுத்து, ஒரு வார்த்தை விடாமல் மைக்கில் வாசித்தார். இந்த இல்லத்துக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி அந்த வாசிப்புக்குத்தான். இப்படிப்பட்ட சீட்டு டப்பாவுக்கு அடியிலேயே தங்கிவிடுவதுதான் வழக்கம்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "இதெல்லாம் வெளிநாட்டு விவகாரம், நமக்கெதுக்குங்க சாமி?" என்றார். சாமியார் மழுப்பவில்லை. அமெரிக்காவில் பாஸ்டனில், பிள்ளைகளிடம் தப்பு செய்த குருக்களை மறைத்தது 2002-ல் பத்திரிகைகளில் வெளிவந்ததைச் சொன்னார். அந்த ஊர்ப் பேராயர் கர்தினால் லா அந்த வருட டிசம்பரில் பதவி விலகினார், ஆனால் 2004-ல் ரோமையில் புனித மரியா பேராலயத்தின் தலைமைக் குருவாக நியமிக்கப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். 2018 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஆறு மறைமாவட்டங்களின் கோப்புகளைப் பார்த்த நடுவர் குழு குற்றம் சாட்டப்பட்ட 300-க்கும் மேற்பட்ட குருக்களையும் பாதிக்கப்பட்ட 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் கணக்கில் கொண்டுவந்தது. பிரான்சில் ஆயர்களே கேட்டு அமைத்த விசாரணைக் குழு, 1950-லிருந்து குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறார் சுமார் 2,16,000 பேர் என்று 2021-ல் மதிப்பிட்டது. பிறகு பெரியவரைப் பார்த்து, "கேரளா வெளிநாடு இல்லீங்களே ஐயா" என்றார். கோட்டயம் கன்னியர் மடத்துக் கிணற்றில் 1992-ல் பிணமாகக் கிடந்த சிஸ்டர் அபயா வழக்கில் சி.பி.ஐ. நீதிமன்றத் தீர்ப்பு வர 2020 ஆகிவிட்டது. ஒரு குருவுக்கும் ஒரு கன்னியருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒரு தரப்பு மட்டும் பேசுகிற ஆள் இல்லை என்று பிடித்துப்போனது.

அதுவரை சரி. அப்புறம் எல்லாப் பிரசங்கத்திலும் வருகிற அந்த வரி வந்தது: "பன்னிரண்டு பேரிலேயே ஒரு யூதாஸ் இருந்தான்."

எனக்குப் பின்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. "யூதாசை யாரும் பக்கத்து ஊர்ப் பங்குக்கு மாத்தி அனுப்பலையே சாமி" என்றார். கதவோரம் நின்ற இளம் சிஸ்டர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சாமியாரும் சிரித்துவிட்டார்.

விஷயமே அதில்தான் இருக்கிறது. மனிதன் பாவம் செய்வான் என்பது எனக்குப் புதிதில்லை. ஆளுக்கு ஆள் பாவம் இருக்கிறது என்பதால்தானே குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. பாவம் செய்தவனை ஒளித்து வைத்து, கோப்பை அலமாரியில் பூட்டி, புகார் சொன்ன குடும்பத்தைப் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிய அலுவலகம்தான் எனக்கு உறுத்துகிறது. முதல் நன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்க) தயாராகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: மனச்சாட்சியைச் சோதித்துப் பார், வருந்து, இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடு, வாயால் சொல், பரிகாரம் செய். திருடிய பென்சிலைத் திருப்பிக் கொடுக்காமல் "மன்னிச்சிடுங்க சாமி" மட்டும் போதாது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. ரோமையிலிருந்து வருத்தம் பலமுறை வந்துவிட்டது. வாயால் சொல்வது நீதிமன்றமும் பத்திரிகையும் பிடுங்கிய பிறகுதான் பல இடத்தில் நடந்தது. பரிகாரம் எந்த அளவில் நிற்கிறது என்று அவர்களே சோதித்துப் பார்க்கட்டும்.

அப்படியென்றால் ஏன் இன்னும் நன்மை வாங்கப் போகிறாய் என்று என் மகள் கேட்பாள். அதற்குச் சாமியார் சொன்ன பதில் எனக்கு உதவியது. பழங்காலத்தில் வட ஆப்பிரிக்காவில், ரோமைப் பேரரசனின் சித்திரவதைக்குப் பயந்து வேதப் புத்தகங்களைக் கொடுத்துவிட்ட ஆயர்கள் செய்த திருமுழுக்கு போன்ற திருவருட்சாதனங்கள் செல்லுமா என்று நூறு வருடத்துக்கு மேல் சண்டை நடந்திருக்கிறது. திருமுழுக்குக் கொடுப்பது பேதுருவானாலும் யூதாசானாலும், உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துதான் என்று புனித அகுஸ்தினார் முடிவு சொன்னார். ஆகவே அழுக்குக் கையிலிருந்து வாங்கிய நன்மையும் நன்மைதான். என் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் எப்படிப்பட்டவரோ என்று நான் ராத்திரி விழித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அகுஸ்தினார் சொன்னது திருமுழுக்கு செல்லும் என்பதுதான். அந்தக் கையை அதே வேலையில் வைத்திருக்கலாம் என்பது அதில் இல்லை. சாமியார் இந்தப் பாதியை விட்டுவிட்டார். அமெரிக்காவில் கர்தினாலாக இருந்த மெக்காரிக்கை, இதே மாதிரிக் குற்றத்துக்காக, 2019-ல் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கியது இதே திருச்சபைதானே, அதைச் சொல்லியிருக்கலாம். கன்னியர் மேரி மெக்கிலாப்பைச் சொல்லியிருக்கலாம். ஆஸ்திரேலியாவில் 1871-ல் ஓர் ஆயர் அவரைச் சபைநீக்கம் செய்தார். அவருடைய சபைக் கன்னியர்கள் ஒரு குருவின் குற்றத்தை மேலிடத்துக்குச் சொன்னதும் அதன் பின்னணியில் ஒன்று என்கிறார்கள். அடுத்த வருடமே அந்த ஆயர் சபைநீக்கத்தை விலக்கிக்கொண்டார். 2010-ல் அவருக்குப் புனிதர் பட்டம். வாயைத் திறந்தால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நல்ல மருந்து அந்தக் கதை.

கல்லறையில் சாதிக்கொரு பக்கம் ஏன் என்று இன்னொரு சீட்டு வந்தது. "அதற்காக ஜெபிப்போம்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் கொள்கை ஆவணம் போட்டு, திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது. சாமியார் ஒப்புக்கொள்ள என்ன தயக்கம்? இதற்கு மதிப்பெண் குறைத்தே ஆகவேண்டும்.

பாவசங்கீர்த்தனம் ஏற்பாடு மிக நன்று. மூடிய அறை இல்லை. மாமரத்தடியில் இடைவெளி விட்டு இரண்டிரண்டு நாற்காலி. எல்லோர் கண்ணுக்கும் தெரியும், காதுக்குக் கேட்காது. பங்குகளிலும் இப்படி வைக்கலாம்.

இனி பலகை. வராந்தாச் சுவர் முழுக்கப் பலகைகள்: செல்போன் கூடாது, தட்டைக் கழுவி வைக்கவும், தண்ணீரை வீணாக்காதீர், பத்து மணிக்கு விளக்கணைப்பு. யாராவது தப்பாக நடந்தால் யாரிடம் சொல்வது என்று ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-கூட எங்கும் இல்லை. இதே இல்லத்தில்தான் மே மாதம் பிள்ளைகள் தியானமும் நடக்கிறது.

அலுவலகத்து சிஸ்டரிடம் கேட்டேன்.

"டைரக்டர் ஃபாதர்கிட்ட சொல்லலாம்மா."

"டைரக்டர் ஃபாதர் மேலேயே புகார்னா, சிஸ்டர்?"

அவர் கோபப்படவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்னதும் கூடுதலான ஒன்றில்லை. புகார் சொல்ல மக்கள் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்று பிரான்சிஸ் பாப்பரசர் 2019 மே மாதம் சட்டமே போட்டார். நம் நாட்டு போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்துத் தலைவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. ஆயருக்குச் சொல்லிவிட்டோம் என்பது அந்தச் சட்டத்துக்குப் பதில் ஆகாது.

என்னைக் கேட்ட அந்த அம்மாவுக்குப் பதிலை ஊசியில்தான் சொன்னேன். இப்போது பீடச்சிறுவர் அங்கியை முன்பக்கம் முழுத் திறப்பாக, பட்டன் வைத்து, அக்குளில் தாராளமாகத் துணி விட்டுத் தைக்கிறேன். சட்டை, கால்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம், எதையும் கழற்ற வேண்டாம். கோவில் வாசலிலேயே போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கலாம். பங்குத்தந்தையிடம் காட்டியபோது, "நல்லதாப் போச்சு, எனக்கும் நிம்மதி" என்றார். பயம் அவர்களுக்கும் இருக்கிறது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. கேள்வி கேட்க இடம் தேடுகிற பெரியவர்கள் தாராளமாகப் போகலாம். அலுவலகத்தில் முன்பதிவு செய்யும்போது எந்தச் சாமியார் தியானம் கொடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லோரும் சீட்டை முழுசாக வாசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. போர்வையும் கொசுவத்தியும் கையோடு கொண்டுபோங்கள். மே மாதத் தியானத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள், ராத்திரி பிள்ளைகள் படுக்கிற அறையில் எந்தெந்தப் பெரியவர்கள் இருப்பார்கள், அறைச் சாவி யாரிடம் இருக்கும், பிள்ளை வீட்டுக்குப் பேச நினைத்தால் போன் கிடைக்குமா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். தடுமாறினால் பணம் கட்டாதீர்கள்.