ஒர்க் பெர்மிட்டா, எஸ் பாஸா: சிங்கப்பூர் பி.ஆர். கணக்கில் எந்த வருடம் சேரும்?

2021-இல் என் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, ஏழு வருடமாக வேலை பார்த்த கப்பல் பட்டறையில் ஒர்க் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் தாள். இன்னொன்று, வேறொரு கம்பெனியிலிருந்து வந்த எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) ஐபி, அதாவது முதற்கட்ட ஒப்புதல் தாள். நான் எஸ் பாஸை எடுத்தேன். மன்னார்குடி, நீடாமங்கலம், முத்துப்பேட்டை பக்கத்துத் தம்பிகள் சிங்கப்பூர்த் தேக்காவில் பார்க்கும்போதெல்லாம், இந்த இரண்டில் எதை எடுப்பது, எது பி.ஆர்., அதாவது நிரந்தரவாசத் தகுதிக்கு உதவும் என்றுதான் கேட்கிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒர்க் பெர்மிட் என்றால் தங்குமிடத்துக்கு முதலாளிதான் பொறுப்பு. டெஸ்ட் அடித்து (தொழில்திறன் தேர்வில் தேறி) வந்தால் கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலை வேலை என்று போகலாம். எஸ் பாஸ் என்றால் பெரும்பாலும் டிகிரியோ டிப்ளமோவோ காட்டுவார்கள், அறை வாடகை நம்முடையது. இரண்டுக்கும் லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைப்பதற்கு அரசுக்குக் கட்டும் தீர்வை, உண்டு. அதைக் கட்ட வேண்டியது முதலாளி, நம் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. இ பாஸ் (உயர்நிலை வேலைக்கான அனுமதி) கிடைக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. 2025 ஜனவரி முதல் அதற்குக் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் வேண்டும் என்பதால், நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அது இப்போதைக்கு எட்டாது.

இனி காசு. அன்று டார்மில் (தொழிலாளர் விடுதியில்) படுக்கையில் உட்கார்ந்து நோட்டில் போட்ட கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒர்க் பெர்மிட்டில் ஓடி (கூடுதல் நேரச் சம்பளம்) எல்லாம் சேர்த்து 2,450 வெள்ளி, சாப்பாட்டுக்கு 230 போக மிச்சம் 2,220. எஸ் பாஸில் 3,000 வெள்ளி, ஓடி கிடையாது. வாடகைப் பங்கு 450, சாப்பாடு 400, பேருந்து ரயிலுக்கு 120 போக மிச்சம் 2,030. ஆக மாதம் 190 வெள்ளி நஷ்டம், அன்றைய விலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அந்தப் பத்தாயிரம் எங்கள் வீட்டுக்குச் சின்னக் காசு இல்லை. "இருக்கிறதை விட்டுட்டு ஏம்ப்பா பறக்கிறே?" என்று அப்பா போனில் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஆனாலும் மாறினேன். காரணம் ஒன்றுதான்.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறவர், அந்த வேலையை வைத்து சிங்கப்பூர் பி.ஆர். கேட்க முடியாது. ஐந்து வருடம் இருந்தாலும் இருபது வருடம் இருந்தாலும் அதே நிலைதான். விண்ணப்பமே போட முடியாது. இ பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்கள் போடலாம். சிங்கப்பூர்க் குடிமகனையோ பி.ஆர். உள்ளவரையோ திருமணம் செய்தவர்கள் துணையின் பெயரில் போடலாம். ஆனால் ஒர்க் பெர்மிட்காரர் அப்படித் திருமணம் செய்யவே மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். இது எனக்கு ஏழு வருடம் சரியாகத் தெரியாது. பத்து வருடம் ஒழுங்காக இருந்தால் பி.ஆர். போடலாம் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். டார்மில் பக்கத்துப் படுக்கையில் இருந்த வடுவூர் அண்ணன் பதினாறு வருடம் அப்படி நம்பியிருந்தார். அவர் ஊருக்குத் திரும்பிய அன்று, பெட்டியைக் கட்டிக்கொண்டே பழைய பெர்மிட் அட்டைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தார். எட்டு அட்டைகள். எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் உழைப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், ஊரில் ஆறு மா நிலம் வாங்கினார். பி.ஆர். எண்ணமே இல்லாதவருக்கு, சில வருடம் சம்பாதித்துவிட்டு ஊரில் வீடு கட்டி உட்கார நினைப்பவருக்கு, ஒர்க் பெர்மிட்தான் மிச்சம் தரும் வழி. அதிலே உயர்திறன் தகுதி வாங்கினால் இன்னும் நல்லது. என் வருத்தமெல்லாம், பி.ஆர். ஆசையை மனசில் வைத்துக்கொண்டு அந்த வரிசையிலேயே நிற்பவர்களைப் பற்றித்தான்.

குடும்பத்தை அழைத்து வரும் விஷயத்திலும் இதே முடிச்சு இருக்கிறது. எஸ் பாஸ்காரர் மனைவி மக்களை டிபென்டன்ட் பாஸில் கூட்டி வர, நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். எனக்கு அது இல்லை. அப்படியானால் எஸ் பாஸால் என்ன லாபம் என்று கேட்கலாம். பி.ஆர். விண்ணப்பத்தில் மனைவியையும், திருமணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் சேர்த்தே போடலாம். சம்பளத்தால் திறக்காத கதவு இதில் திறக்க வாய்ப்பு இருக்கிறது. கூடவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா வழியாகப் பி.ஆர். பெறும் மகன், வயது வந்ததும் இரண்டு வருடம் ராணுவப் பணி போன்ற கட்டாயத் தேசிய சேவை செய்ய வேண்டும். என் மகனுக்கு ஒன்பது வயது. நானும் என் மனைவியும் இதை மூன்று ராத்திரி பேசியிருக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.

எஸ் பாஸில் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். குறைந்தபட்சச் சம்பள வரம்பு ஏறிக்கொண்டே போகிறது. 2023 செப்டம்பரில் 3,150 வெள்ளி, 2025 செப்டம்பர் முதல் புது விண்ணப்பத்துக்கு 3,300. அதுவும் சின்ன வயசுக்காரர்களுக்குத்தான். வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45-க்கு மேல் 4,800-இல் நிற்கிறது. புதுப்பிக்கும்போது கம்பெனி அந்த அளவுக்கு ஏற்றித் தராவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். கம்பெனி எத்தனை எஸ் பாஸ் ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் ஒதுக்கீடு உண்டு. ஒர்க் பெர்மிட்டில் இந்த அளவு பதற்றம் எனக்கு இருந்ததில்லை.

இதனால் வருகிற தப்பு ஒன்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தாளில் 3,300 காட்டிவிட்டு, மாதம் 800 வெள்ளியைக் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. என்னோடு அறையில் இருந்த ஒருவர் ஒவ்வொரு ஏழாம் தேதியும் ஒரு பழுப்பு உறையில் போட்டு எடுத்துப் போவார். வேலைக்காக ஆளிடம் காசு வாங்குவது அங்கே சட்டப்படி குற்றம். அமைச்சுக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பி.ஆர். விண்ணப்பத்தில் சம்பளச் சீட்டு, முதலாளி நிரப்பித் தரும் படிவம் எல்லாம் போகும். அடிப்படையே பொய்யாக இருந்தால் அதன்மேல் என்ன கட்ட முடியும்? படிப்புச் சான்றிதழும் அப்படித்தான். ஒர்க் பெர்மிட்டுக்குப் பத்தாவது என்று ஏஜென்ட் எழுதியிருப்பார், எஸ் பாஸுக்கு டிப்ளமோ காட்டுவோம். நிஜமான டிப்ளமோ என்றால் பழைய தாளில் என்ன எழுதினார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் நேராக விளக்கம் சொல்லலாம். வாங்காத டிப்ளமோ என்றால் அந்த வழியே வேண்டாம்.

எஸ் பாஸ் இருந்தால் பி.ஆர். நிச்சயமா என்றால், இல்லை. குடும்பத் தொடர்பு, வருமானம், படிப்பு, வயது, அங்கே இருந்த காலம் என்று பலவற்றையும் பார்க்கிறார்கள். மறுத்தால் காரணம் சொல்வதில்லை. 100 வெள்ளிக் கட்டணமும் திரும்பி வராது. இத்தனை வருடம் ஆனால்தான் போடலாம் என்ற எண்ணிக்கை கிடையாது. சிலர் ஒரே வருடத்தில் போடுகிறார்கள், நான் கடனை முடித்துவிட்டு நிதானமாகப் போடலாம் என்றிருந்தேன். பி.ஆர். கிடைத்தவனின் அனுபவம் எனக்கு இல்லை. அதனால் மூன்றாவது வருடத்திலிருந்து சம்பளத்தில் 20 சதவீதம் சிபிஎஃப் (கட்டாயச் சேமநிதி) பிடிக்கும்போது கை எவ்வளவு இறுகும் என்பதை அனுபவித்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் விண்ணப்பம் நிற்பது ஊரில் ஒரு தாளுக்காக. மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறியிருக்கவில்லை, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பெயரைச் சேர்க்கச் சொன்னோம், சேர்த்ததில் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துவரவில்லை. நாற்று நடுகிற வேலைக்கு நடுவே மனைவி இரண்டு தடவை போய் வந்துவிட்டாள். திருத்தம் வந்ததும் மொழிபெயர்ப்பு எடுக்க வேண்டும். சிங்பாஸில் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) உள்ளே நுழைந்துவிட்டால் படிவத்தை ஏழு நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், மற்ற எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்திருக்கிறேன்.