ஆறாயிரம் ரூபாய் ட்ரைபாடும் தனுஷ்கோடிக் காற்றும்

கேமராவை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டுதான் ட்ரைபாட். அதை வாங்கப் போகிறவர்கள் பெட்டி மேல் முதலில் தேடுவது இரண்டு எண்கள்: எவ்வளவு உயரம் போகும், எத்தனை கிலோ தாங்கும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் படம் எடுப்பவருக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. கிலோ கணக்குக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, அவரவர் சோதித்து அவரவர் போடுவதுதான். அப்புறம், இந்தக் கரையில் ஸ்டாண்டைத் தின்பது காற்றும் உப்பும். கேமரா எடையெல்லாம் பிறகு.

நான் வைத்திருப்பது அலுமினிய ட்ரைபாட். ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் நான்கு அடுக்குக் கால், அடுக்குகளைத் திருகி இறுக்கும் லாக், கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்க உருண்டை வைத்த தலை, அதாவது பால் ஹெட். மடித்தால் ஒன்றரை அடி, எடை ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பைக்கில் பையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். மேலே உட்காருவது பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-300 லென்ஸும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் வடக்கிலிருந்து வரும் வாடையும் மாறி மாறி அடித்து ஓய்ந்த பிறகு எழுதுகிறேன், அதனால் புதுசு வாசனையில் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாம்பன் பாலத்தில் காற்று எல்லை மீறினால் ரயிலையே நிறுத்தி வைக்கிற ஊர் இது. ஒன்றரை கிலோ ஸ்டாண்டு எம்மாத்திரம்? கடையில் பார்க்க வேண்டியது காலின் கடைசி அடுக்கு, அதாவது தரையைத் தொடும் ஒல்லிக் குழாய். சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால், 16 மி.மீ. குழாயை விட 20 மி.மீ. குழாய்க்கு வளையாத பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐந்து அடுக்கு ட்ரைபாட் மடித்தால் அழகாகச் சின்னதாகிவிடும், ஆனால் கடைசி அடுக்கு பென்சில் மாதிரி மெலிந்திருக்கும். கச்சான் காலத்தில் தனுஷ்கோடி தாண்டிப் போகும் அரிச்சல்முனை ரோட்டில் அதை விரித்தால் கேமரா தலையாட்டும். நான்கு அடுக்குக்கு மேல் போக வேண்டாம். மூன்று அடுக்கு இன்னும் உறுதி, ஆனால் பைக்கில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கால்களுக்கு நடுவே மேலே ஏற்றி இறக்கும் தண்டு ஒன்று இருக்கும், அந்த நடுத்தண்டை நான் உயர்த்துவதே இல்லை. உயர்த்தினால் மூன்று கால் ஸ்டாண்டு ஒற்றைக் கால் ஆகிவிடுகிறது. குனிந்து பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள் கொஞ்சம் உயரமானதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். தண்டுக்குக் கீழே இருக்கும் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை காற்றில் ஊஞ்சலாடி, இருக்கிற ஆட்டத்தையும் கூட்டிவிடும். பையின் அடி தரையில் லேசாகப் பட வேண்டும். நான் ஒரு மஞ்சப்பை கொண்டுபோய், அங்கேயே மணலை அள்ளிப் போட்டுக் கட்டிவிடுகிறேன், சுமந்து போகிற வேலையும் மிச்சம். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், இல்லை சுருட்டி வையுங்கள். அது படபடவென்று அடிப்பதே படத்தைக் கெடுக்கப் போதும்.

பாம்பன் ரோடு பாலம் தனிக் கதை. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை, 72.5 மீட்டர் நீள இரும்பு அப்படியே 17 மீட்டர் மேலே போவதை, எடுக்க எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். ஒரு லாரி போனால் பாலமே அதிர்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ட்ரைபாடும் அதற்கு மருந்தாகாது. கரையில் இறங்கி எடுப்பதுதான் வழி. நான் அப்படி விரித்து நின்றபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, கடலை அளக்க வந்திருக்கீகளா?” என்றார். ஸ்டாண்டைக் கண்டாலே இங்கே சர்வேக்காரர்தான்.

இனி உப்பு. தண்ணீரில் காலை இறக்கி எடுப்பதானால், ஒல்லியாக இருந்தாலும் கடைசி அடுக்கை முழுதாக நீட்டிவிடுங்கள், லாக் தண்ணீருக்கு மேலே இருக்கும். காய்ந்த தரையில் இதற்கு நேர்மாறு: கடைசி அடுக்கைக் கடைசியில்தான் நீட்ட வேண்டும். அலை அடங்கிய வடக்குப் பக்கத்தை இங்கே பெண் கடல் என்பார்கள், அங்கே இது போதும். அலை ஓங்கி அடிக்கும் தெற்குப் பக்கமான ஆண் கடலில் அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், ஸ்டாண்டு மெல்லச் சாயும். காலை அழுத்தி ஊன்றி, இரண்டு அலை போகவிட்டு, பிறகு ஃபிரேம் வையுங்கள்.

முடிந்ததும் ஈரக் காலை உள்ளே தள்ளக் கூடாது, மணலும் உள்ளே போய்விடும். நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும். நான் குடிக்கிற கேன் தண்ணீரில்தான் கழுவுகிறேன்.

திருகு லாக் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். வளையத்தை முழுக்கத் திருகிக் கழற்றினால் கால் கையோடு வந்துவிடும். குழாயின் மேல் முனையில் வளைந்த பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றின் உள்பக்கக் குமிழ் குழாயின் ஓட்டையில் உட்காரும். எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். மரையில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பும் அலுமினியம் அரித்த பொடியும். பழைய டூத்பிரஷால் தேய்த்து, காயவைத்து, சிலிக்கான் கிரீஸை மரையில் மட்டும் மெல்லிசாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் அடுத்த முறை மணல் பூராவும் அதில் ஒட்டி நறநறக்கும். கிளிப் லாக்கும் நல்லதுதான், வேகமாக விரிக்கலாம், ஆனால் அதன் சின்ன ஸ்க்ரூவும் ஊசியும் துருப்பிடித்தால் கழற்றுவது பெரும்பாடு.

கார்பன் ஃபைபர் துருப்பிடிக்காதே என்று கேட்பார்கள். குழாய் பிடிக்காது, சரி. மூட்டும் ஹெட்டும் ஸ்க்ரூவும் அங்கேயும் உலோகம்தான். இரண்டு மடங்கு விலை கொடுத்து எடையைக் குறைத்து, அந்த எடையை மஞ்சப்பையில் மணலாகத் திருப்பிக் கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மலை ஏறுகிறவர்கள் வாங்கட்டும்.

என்னுடையதில் போனவை: ஒரு ரப்பர் பாதம் சேற்றில் உருவிக்கொண்டது, நீர்மட்டக் குமிழ் வெயிலில் வெளுத்தது, கேமராவின் அடியில் மாட்டி ஹெட்டில் பொருத்தும் பிளேட்டின் ஸ்க்ரூ துருப்பிடித்தது. பிளேட் ஆர்க்கா என்ற, பல கம்பெனிகளுக்கும் பொதுவான வகை என்பதால் வேறு கம்பெனிப் பிளேட்டே பொருந்திவிட்டது. தனி வடிவப் பிளேட் உள்ள மலிவு ஸ்டாண்டில் அது தொலைந்தால் ஹெட்டே வீண். பூநாரைக் காலத்தில் லென்ஸை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க இந்த பால் ஹெட் போதவில்லை, லேசாகத் தளர்த்தினாலே லென்ஸ் மூக்கு கவிழ்கிறது. காலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது 3/8 அங்குலத் திருகு, பெரும்பாலான ஹெட்டுகளுக்குப் பொது. அதனால் காலை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்டை மட்டும் மாற்றப் போகிறேன்.