பைத்தான், லினக்ஸ், வென்வ்: இத்தனை நாள் புழங்கிய பிறகு

என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றி, பைத்தானுக்கு வேண்டியதையெல்லாம் போன வாரம் மறுபடி அமைத்தேன். கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது எரிச்சலூட்டிய விஷயம் இப்போதும் எரிச்சலூட்டுகிறது.

லினக்ஸில் பைத்தான் கூடவே வந்துவிடும். சிக்கல் அடுத்த படியில். தரவை அலசும் லைப்ரரியான (ஆயத்த நிரல் தொகுப்பு) பாண்டாஸ் வேண்டுமென்று, லைப்ரரிகளை நிறுவும் பிப் கருவிக்கு ‘பிப் இன்ஸ்டால்’ கொடுத்தால், இது சிஸ்டத்தின் பொறுப்பில் உள்ள பைத்தான், இதில் கைவைக்காதே என்று நீளமான பிழைச் செய்தி வருகிறது. லினக்ஸ் வினியோகங்களில் (வகைகளில்) ஒன்றான டெபியனில், 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் இப்படித்தான். காரணம் நியாயமானது. சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன. அவற்றின் லைப்ரரிகளை டெபியனின் சொந்த நிறுவல் கருவியான ஏபிடி கவனித்துக்கொள்கிறது. பிப் குறுக்கே வந்து வேறு பதிப்பை வைத்தால் ஏதோ ஒரு கருவி படுத்துவிடும்.

ஆனால் 2023க்கு முந்தைய பைத்தான் பாட வீடியோக்களில் இந்தப் பிழையே கிடையாது. அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்பவர் என்ன செய்வார்? கேட்டால், சிஸ்டம் பொதிகள் உடைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்கிறார்கள். புதிதாகப் படிக்க வந்தவருக்குத் தரும் யோசனையா இது? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

சரியான வழி வென்வ்: ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு ஃபோல்டரில் தனிப் பைத்தான் சூழல், லைப்ரரிகளெல்லாம் அதற்குள்ளேயே. சில வினியோகங்களில் அதையும் தனியாக நிறுவ வேண்டும். அப்புறம் ஒவ்வொரு புது டெர்மினலிலும் (கட்டளை தட்டும் சாளரம்) அதை ஆக்டிவேட் செய்ய வேண்டும். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் இன்டர்ப்ரெட்டரை, அதாவது எந்தப் பைத்தான் நிரலை ஓட்ட வேண்டும் என்பதை, வேறு தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவிய லைப்ரரியையே ‘காணோம்’ என்று அது சொல்லும். வென்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் வம்புதான். உள்ளே முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் நிறுவிய லைப்ரரிகளின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி, பேக்கப்பில் வைத்திருந்தேன். புது டிஸ்க்கில் ஒரே கட்டளைதான், எல்லாம் பழைய பதிப்பு எண்களோடு திரும்பி வந்துவிட்டன. ஏதாவது கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கலாம். சிஸ்டத்துக்கு ஒரு கீறலும் விழாது. இப்போது வென்வ் இல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

ஆனாலும் முதல் நிரல் எழுதப்போகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். புதிதாகக் கற்பவருக்கான பைத்தான் எடிட்டர் ‘தானி’யைப் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. விண்டோஸில் நிறுவினால் பைத்தானும் சேர்ந்தே வந்துவிடும். நிரலை வரிவரியாக ஓட்டி, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். லூப் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். பாண்டாஸ் தேவைப்படும்போது வென்வ் பக்கம் வந்தால் போதும், அதற்கு முன் வேண்டாம்.