‘பீட்டர் பேன்’ நாடக நூல்: மேடைக்குறிப்புகளுக்காகவே வாசிக்க வேண்டிய பிரதி

‘பீட்டர் பேன்’ கதையைப் பெரும்பாலோர் திரைப்படமாகவோ சிறுவர்களுக்கான சுருக்கமாகவோதான் அறிந்திருக்கிறார்கள். ஜே. எம். பேரியின் இந்த நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று லண்டனின் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் முதலில் மேடையேறியது; ஆனால் ஆண்டுக்கு ஆண்டு திருத்தங்கள் கண்டு, 1928-இல்தான் நாடகப் பிரதியாக அச்சில் வந்தது. அந்தப் பிரதியை வாசிக்கும்போது, பீட்டர் என்ற சிறுவன் வளர மறுப்பதைக் கொண்டாட்டமாக மட்டும் காட்டும் தழுவல்கள் எவ்வளவை விட்டுவிட்டன என்பது தெரிகிறது.

தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். அறுந்துபோன தன் நிழலைச் சோப்பால் ஒட்டிவைக்க முயன்று, அது முடியாமல் தரையில் அமர்ந்து அழுகிறான் பீட்டர். அந்த வீட்டுச் சிறுமி வெண்டி ஊசியும் நூலும் எடுத்துத் தைத்துக் கொடுத்ததும், அவள் செய்த உதவியை அந்த நொடியிலேயே மறந்து, தான்தான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று துள்ளிக் குதிக்கிறான். சிறுவர்களின் தன்னம்பிக்கையையும் நன்றி மறக்கும் இயல்பையும் இவ்வளவு சுருக்கமாக, கண்டிக்கும் தொனி சிறிதும் இன்றிக் காட்டிய காட்சி அபூர்வம். அதே காட்சியில், தன்னை யாரும் தொடக்கூடாது என்கிறான். நாடகம் முழுவதிலும் எவருமே அவனைத் தொடுவதில்லை என்று மேடைக்குறிப்பு சொல்கிறது. கடைசிக் காட்சியில் வெண்டி அவனைத் தூக்கி இறுக அணைத்துக்கொள்ள ஆசைப்படும்போது அவன் பின்வாங்குகிறான்; அவளும் புரிந்துகொண்டு நின்றுவிடுகிறாள். எனக்கு இந்த நூலிலேயே மிகவும் வலித்த இடம் அதுதான்.

பெரியவர்களைப் பேரி உயர்த்திப் பிடிக்கவும் இல்லை. ஆண்பிள்ளையாக மருந்தைக் குடி என்று மகனுக்கு உபதேசம் செய்யும் வெண்டியின் தந்தை திரு. டார்லிங், தன் பங்கு மருந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, பிறகு நாயின் கிண்ணத்தில் ஊற்றுகிறார். முதல் தயாரிப்பில் இந்தத் தந்தை வேடத்தையும் ஒரு கைக்குப் பதிலாக இரும்புக் கொக்கி மாட்டிய கடற்கொள்ளைத் தலைவன் ஹூக் வேடத்தையும் ஜெரால்ட் டு மோரியே என்ற ஒரே நடிகர் ஏற்றதை நினைவில் வைத்துக்கொண்டு வாசித்தால், பீட்டர் எதிலிருந்து ஓடுகிறான் என்பது இன்னும் துலங்கும். ஆனால் ஓடியும் அவன் தப்பிவிடவில்லை. ஹூக்கை வென்ற காட்சியின் முடிவில், திரையை மீண்டும் உயர்த்த வேண்டாம், உயர்த்தினால் ஹூக்கின் தொப்பியோடும் சுருட்டுகளோடும் ஒரு சிறிய இரும்புக் கொக்கியோடும் நிற்கும் பீட்டரைக் காண நேரிடும் என்று எழுதுகிறார் பேரி. மேடையில் காட்டவே கூடாத ஒன்று வாசகருக்கு மட்டும் சொல்லப்படுகிறது. நூலை வாங்க இந்த ஒரு குறிப்பே போதும்.

பேரியின் அண்ணன் டேவிட் 1867-இல், பதினான்கு வயது நிறையும் முன்பே, பனிச்சறுக்கு விபத்தில் இறந்தான். அவன் என்றும் சிறுவனாகவே இருப்பான் என்பதில் தாய் ஆறுதல் தேடினார் என்ற செய்தி தெரிந்தவர்களுக்கு, சாவதும் மாபெரும் சாகசம்தான் என்று பாறை மேல் நின்று பீட்டர் சொல்லும் வரி வெறும் வீரவசனமாக ஒலிக்காது.

குறைகளும் இருக்கின்றன. பீட்டர் வாழும் கற்பனைத் தீவான நெவர்லேண்டின் பூர்வகுடியினரைச் சித்திரித்திருக்கும் விதம் இன்று வாசிக்கக் கூசுகிறது. குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் கடந்துவிடக் கூடாது. பறந்து வந்த வெண்டிக்குச் சாகசத்தில் பங்கு குறைவு, துணி தைத்துக் கொடுக்கும் தாய் வேடமே அதிகம்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்து, பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டு உரக்க வாசிக்க ஏற்ற பிரதி இது. வாங்கும்போது மேடைக்குறிப்புகளைக் குறைக்காத முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். வெண்டி வளர்ந்து தாயான பின் பீட்டர் திரும்பி வருவதைச் சொல்லும், 1908-இல் மேடையேறிய பின்கதைக் காட்சியும் அதில் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.